இரண்டு மாடிகளில் எங்கள் கரை

1

“இன்னா சார், உங்க தீவு இப்போ யார் கைல கீது?”

லிங்கராஜபுரத்தில் என் கடைக்கு அடுத்த கடையில் டீ போடும் முனிராஜ் காலையில் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இது. ஏதோ ஒரு நாட்டுக் கப்பல் நம் தீவின் துறைமுகத்தில் வந்து நின்றதாக முதல் நாள் இரவு தொலைக்காட்சியில் காட்டியிருந்தால், மறுநாள் என் டீ ஆறும்வரை விசாரணை நடக்கும்.

“வேவு பாக்கத்தான் வந்துச்சாமே சார், அந்தக் கப்பல்?”

“எனக்கென்ன தெரியும் முனிராஜ்?”

“அட, உங்க ஊராச்சே. நாம அரிசி குடுத்தோம், பெட்ரோல் குடுத்தோம். உங்க ஆளுங்களுக்கு நன்றியே இல்ல சார்.”

அந்தக் கப்பலுக்கு நான்தான் கடிதம் போட்டு அழைத்தேன் என்பதுபோல அவன் பார்ப்பான். நல்ல மனிதன். எனக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கே கஞ்சி கொண்டுவருவான். ஆனால் அவனுக்கு நம் தீவு என்பது இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் சண்டை போடுகிற ஒரு பார்க்கிங் இடம்.

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலும் இதே கதைதான். வருடாவருடம் போய், நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், இன்னும் சாகவில்லை என்று காட்டி முத்திரை வாங்க வேண்டும். இம்முறை மேசையில் இருந்த இளைஞன் என் தாள்களைப் புரட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே கன்னடத்தில் கேட்டான். “ஸ்ரீலங்காவா? நீவு யாவ கடெ?” நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்கிறான். எந்தப் பெரிய நாட்டின் பக்கம் என்பது அவன் கேள்வி. “லிங்கராஜபுர சார்” என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், கல்லறைத் திருநாள் இப்போதுதான் முடிந்திருக்கிறது. மனம் கொதித்துக் கிடக்கிறது. யாரிடமாவது கொட்ட வேண்டும்.

2

படங்களுக்கு பிரேம் போடுவது என் தொழில். கடைச் சுவர் முழுக்க இறந்தவர்கள். காக்ஸ் டவுன் வீடுகளிலிருந்து கோட்டு சூட்டோடு தாத்தாக்கள் வருவார்கள். லிங்கராஜபுரத்து வீடுகளிலிருந்து கல்யாணப் படத்தில் பாதி வெட்டி எடுத்த அம்மாக்கள் வருவார்கள். ஓரம் மடிந்தது, பூச்சி அரித்தது, ஈரத்தில் முகம் ஊறியது, எதுவாக இருந்தாலும் சுற்றிவர மவுண்ட் அட்டை வெட்டி, வேண்டாததை மறைத்து, முகத்தை மட்டும் எடுத்துக் காட்டிவிடுவேன். என் மனைவி ஸ்டெல்லாவின் பக்கத்தில் இறந்த அத்தனை பேரும் என் கை பட்டுத்தான் சுவரேறினார்கள்.

என் அம்மாவுக்குப் படம் இல்லை. இருந்த ஒன்றிரண்டும் நாங்கள் ஓடிய ஓட்டத்தில் போய்விட்டன. ஊரார் பிணங்களுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவன், பெற்றவளின் முகத்தை மனதில் தேடித் தேடிப் பார்க்கிறேன். வருடத்துக்கு வருடம் அதுவும் மங்கிக்கொண்டு வருகிறது.

அம்மாவுடையது என்று சொல்ல எனக்கு மிஞ்சியது அவள் புதைக்கப்பட்ட இடம் ஒன்றுதான். எங்கள் கடற்கரைக் கல்லறைகளை நீங்கள் அறிவீர்கள். அறியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கல் இல்லை, பெயர் இல்லை. மணலைக் கூட்டிக் குவித்து, சுற்றிவர வெள்ளைச் சிப்பி அடுக்கி, ஒரு மரச்சிலுவை நடுவோம். காற்று அதைக் கரைக்கும். கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் குடும்பமாகப் போய் மறுபடியும் கையால் குவித்து, புதுச் சிப்பி அடுக்குவோம். ஒரு முறை பங்குச் சாமியார் எல்லோருக்கும் சீமெந்துக் கல்லறை கட்டித் தருவதாகச் சொன்னார். எங்கள் சனம் ஒரே குரலில் வேண்டாம் என்றது. சீமெந்து வைத்துவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள், வருடத்தில் ஒரு நாளாவது கை படவேண்டும் என்றார்கள். அதைக் கேட்டு நானும் பெருமையோடு தலையாட்டினேன். எங்களை நாங்களே அழித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

நான் இங்கிருந்து போக முடியாது. போகலாம், திரும்பி வர விடுவார்கள் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். அதனால் அம்மாவின் மணலை என் பங்குக்கும் சேர்த்து அக்காதான் குவித்துவந்தாள். சிப்பியை இரண்டு வரிசையாக அடுக்குவாள். “வெளி வரிசை உன்ரை, தம்பி” என்பாள்.

3

அக்கா செல்வராணி நாடுகளின் பெயரைச் சொல்லமாட்டாள். வீட்டுக்கு என்ன கொண்டுவந்தார்களோ அதுதான் பெயர். கொடி ஒட்டிய அரிசி மூட்டை தந்தவர்கள் அரிசிக்காரர். கிணற்றடியில் வடிகட்டி பூட்டி, அதிலும் கொடி ஒட்டியவர்கள் தண்ணிக்காரர். தூரத்திலிருந்து வந்து விதவைகளுக்குத் தையல் மெஷின் கொடுத்தவர்கள் மெஷின்காரர். மூன்று பகுதியினரும் அவளை நிறுத்திவைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். “சிரியுங்கோ அம்மா எண்டாங்கள், சிரிச்சனான். அரிசியில வண்டு” என்றாள் ஒரு முறை.

சண்டைக் காலத்தில் கரையை நேவி வேலி போட்டு எடுத்தது. சண்டை ஓய்ந்து சனம் திரும்பி வந்த பிறகும் வேலி போகவில்லை. ஆனாலும் திருநாளுக்கு ஒரு நாள் உள்ளே விட்டார்கள். அப்புறம் அரிசிக்காரர் மின்நிலையம் கட்டவென்று கரையைக் கேட்டார்கள். ஆட்சி மாறியது, தண்ணிக்காரர் இறங்குதுறை கட்டவென்று அதே கரையைக் கேட்டார்கள். மறுபடியும் ஆட்சி மாறியது. எல்லா ஒப்பந்தமும் மறுபரிசீலனையில் என்றார்கள். எவனும் ஒரு செங்கல் வைக்கவில்லை. வேலி மட்டும் உயர்ந்தது. காணி யாருடையது என்று தெரியாததால், உள்ளே போக அனுமதி தரவும் ஆளில்லாமல் போயிற்று.

“அரிசிக்காரரிட்டப் போனா அரசாங்கத்தைக் கேளெண்ணுறாங்கள்” என்றாள் அக்கா. “அரசாங்கம் நேவியைக் கேளெண்ணுது. நேவி கொம்பனியைக் கேளெண்ணுது. கொம்பனிக்காரன், காணி இன்னும் எங்கட கைக்கு வரேல்லை அம்மா எண்டு தேத்தண்ணி தாறான். நான் ஆரிட்டத்தான்ரா போறது?”

இப்படியே பல திருநாள்கள் போயின. அக்கா வேலிக்கு வெளியே நின்று மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். உலகத்துப் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் வேண்டிய கரையில், அதற்கு உரிய ஒரு கிழவிக்கு மட்டும் கால் வைக்க இடமில்லை.

4

என் மகள் ஷெரின் இங்கே பிறந்தவள். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வரைபடம் செய்கிறாள். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து இது வீடு, இது ரோடு, இது வயல் என்று கோடு போட்டுக் கொடுக்கிற வேலை. அக்காவை அவள் அத்தை என்பாள். நம் ஊரில் அப்பாவின் அக்கா மாமி அல்லவா? மாமி என்று கூப்பிடச் சொன்னால், “மாமின்னா மல்லேஸ்வரத்துல பட்டுப்புடவை கட்டினவங்கப்பா” என்று சிரிப்பாள். நான் ‘கதைக்கிறேன்’ என்று சொன்னாலும் சிரிப்பு. இந்த வீட்டில் என் பேச்சு ஒரு வேடிக்கை.

ஒரு நாள் மழையில் ரோடெல்லாம் நின்றுபோனதால் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப். டீ கொண்டுபோய் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். களப்பின் உப்புத் தண்ணீர் கடலில் விழும் வாய், அதன் பக்கத்தில் வளைந்த கரை, பங்குக் கோயிலின் சிவப்புக் கூரை. மேலிருந்து அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரியாதா?

“இது எங்கட கரை.”

“எது?” என்றவள், சட்டென்று மூடியைச் சாத்தினாள். “அப்பா, நீங்க இத பாக்கக் கூடாது. க்ளையண்ட் ஒர்க். சைன் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

“எந்த நாட்டுக்காரனுக்கு?”

“தெரியாதுப்பா. எங்களுக்கு நம்பர் மட்டும்தான். இதே ஏரியாவ மேல் மாடில இன்னொரு டீமும் பண்ணுது, வேற க்ளையண்ட்டுக்கு. நாங்க ரெண்டு டீமும் பேசிக்கக் கூடாது.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருவனுக்கு ஒருவன் தெரியாமல் எங்கள் கரையைப் பிடிக்க நினைக்கிற இரண்டு பேரும், ஒரே கட்டடத்தில், ஒரு மாடி வித்தியாசத்தில் ஆள் வைத்து அதில் கோடு கீறிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மாடிக்காரரும் மத்தியானம் ஒரே கேன்டீனில் பிசிபேளாபாத் சாப்பிடுகிறார்கள்.

“மூடியைத் திற” என்றேன்.

“அப்பா...”

“திறடி. உன்ர அப்பாவின்ர ஊர்.”

திறந்தாள். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே மஞ்சள் கோட்டில் ஒரு கட்டம். உள்ளே இங்கிலீஷில் எழுதியிருந்தது: காலி நிலம்.

“இதை ஆர் எழுதினது?”

“நான்தான்.” அவளுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. “அங்க ஒண்ணுமே இல்லியேப்பா. வெறும் மண்ணு.”

“உன்ர அப்பம்மா கிடக்கிறா அதுக்குள்ள.”

5

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். விற்றுத் தின்கிறாய் என்றேன். அவள் அழுதுகொண்டே, “நீங்க சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்? வீட்ல ஒரு போட்டோ இருக்கா? ஊர்ல இருந்து ஒரு சாமான் இருக்கா?” என்று கேட்டாள். ஸ்டெல்லா நடுவில் வந்து, “இன்னாங்க, கொழந்தய போட்டு வதைக்கிறீங்க? அவளா வேலி போட்டா?” என்று என்னை அடக்கினாள். அவள் கேட்டதும் சரிதான். ஆனாலும் ஆறவில்லை.

ஷெரின் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். “வெள்ளிக்கிழமை ஃபைல் போயிடும். மாத்தணும்னா ப்ரூஃப் வேணும்பா. எங்கப்பா சொன்னாருன்னு எழுத முடியாது.”

எதைக் காட்டுவது? கல் இல்லை, பெயர் இல்லை. அதுதானே எங்கள் பெருமை.

“எந்த மாசம் போவீங்க அங்க?” என்று கேட்டாள்.

“நவம்பர். கல்லறைத் திருநாளுக்கு.”

பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனாள். மண், மண், மண். சனத்தை உள்ளே விடுவது நிற்கும் முன் எடுத்த ஒரு நவம்பர் படத்தில் நிறுத்தினாள். மணலில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், வரிசை வரிசையாக. “இது என்னப்பா? படத்துல அழுக்குன்னு நெனச்சேன்.”

சிப்பி. அக்கா அடுக்கிய சிப்பி. அந்த வருடம் ஊர் முழுக்கக் கூடிக் குவித்த மணல். ஊரை விட்டு வந்த பிறகு முதல்முறையாக அம்மா கிடக்கும் இடத்தைக் கண்டேன். எந்தப் புள்ளி அவள் என்று தெரியவில்லை. திரையில் கை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தேன். ஷெரின் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்; இந்த முறை திரையில் கை படுகிறது என்று திட்டவில்லை.

கட்டத்துக்குள் இருந்ததை அழித்துவிட்டு, கல்லறைத் தோட்டம், பயன்பாட்டில் உள்ளது என்று எழுதினாள். பழைய படத்தையும் சேர்த்தாள். சொல்லாத வேலையை ஏன் செய்தாய் என்று மேனேஜர் முகம் சுளித்தானாம். ஆனாலும் ஃபைல் அப்படியே போய்விட்டது. அதோடு நிற்கவில்லை என் மகள். கேன்டீனில் மேல் மாடிச் சிநேகிதியிடமும் சொல்லிவிட்டாள். தெரிந்தால் வேலை போயிருக்கும். “ரெண்டு மேப்லயும் இருக்கட்டும்பா. ஒருத்தன் மறைச்சாலும் இன்னொருத்தன்கிட்ட இருக்கும்” என்றாள். அன்றைக்கு அவளைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. நம்மைவிடக் கெட்டிக்காரி என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

6

பலன் வந்தது. வந்த விதத்தைக் கேளுங்கள்.

திருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அக்கா அழைத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு எவ்வளவோ காலம். “தம்பி, உள்ள விடப்போறாங்களாம்! அரிசிக்காரர் வந்து சொல்லிட்டுப் போயிட்டினம், கல்லறை இருக்கெண்டு எங்களுக்குத் தெரியும், நாங்கள்தான் கதவு திறப்பிக்கிறம் எண்டு. பின்னேரம் தண்ணிக்காரரும் வந்தவை. தாங்கள்தானாம் திறப்பிக்கிறது.”

“மெஷின்காரர்?”

“அவையும் ஒரு பெட்டையை அனுப்பீனமாம், பூவோட.”

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். எப்படியோ போகட்டும், அம்மாவுக்கு ஒரு பிடி மண் போட்டால் போதும் என்றிருந்தது. சிப்பி பொறுக்கிச் சேர்த்துவிட்டதாகவும் என் வரிசைக்குப் பெரிய சிப்பியாக எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னாள்.

திருநாளன்று காலையில் நான் கடை திறக்கவில்லை. ஸ்டெல்லா சேவந்திப் பூவோடு தன் அம்மாவின் கருங்கல் கல்லறைக்குப் போய்விட்டாள். ஷெரின் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவின் பேரன் போனைப் பிடித்திருக்க, வீடியோவில் கதவு திறந்தது. முதலில் தெரிந்தது இரண்டு பந்தல், இரண்டு பேனர். ஒன்று மற்றதைவிட ஒரு முழம் உயரம். கொடி ஒட்டிய மெழுகுதிரிப் பெட்டிகள் ஒரு பக்கம், கொடி ஒட்டிய தண்ணீர்ப் போத்தல்கள் மறு பக்கம். கோட்டுப் போட்டவர்கள் வெயிலில் வேர்த்துக்கொண்டு, மற்றவன் படத்துக்குள் வராதபடி தள்ளித் தள்ளி நின்றார்கள்.

அக்கா சிப்பிக் கடகப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நடந்தவள் நின்றாள். கூட வந்த கிழவிகளும் நின்றார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல், தட்டையாக, கையால் தடவிவிட்டதுபோல. இத்தனை வருடக் காற்று ஒரு குவியலையும் விட்டுவைக்கவில்லை. சிலுவைகள் எங்கே போயினவோ. அடையாளத்துக்கு நின்ற மூன்று பனைகளையும் எவனோ அளவெடுக்க வந்தபோது அடிக்கட்டையும் இல்லாமல் தறித்துவிட்டிருந்தான்.

“இஞ்சதான்” என்றாள் ஒருத்தி. “இல்லை, அது என்ர மனுசன்ர இடம்” என்றாள் இன்னொருத்தி. சண்டை தொடங்கப் பார்த்தது. ஒரு அதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

அந்த வெள்ளைப் புள்ளிப் படத்தை அனுப்பிவிடவா என்று ஷெரின் கேட்டாள். அனுப்பி என்ன? படத்துப் புள்ளி இந்த மணலில் எங்கே என்று காட்ட, அதே பனைதானே வேண்டும்.

அக்கா போனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். “தம்பி, அம்மா எதுக்குள்ள எண்டு தெரியேல்லையடா.”

ஷெரின்தான் குனிந்து, “மாமி, அழாதீங்க மாமி” என்றாள். முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டாள்.

“அழேல்லைப் பிள்ளை.” அக்கா மூக்கைச் சிந்தினாள். பிறகு நின்ற இடத்திலேயே முழங்காலிட்டு, மணலைக் கையால் கூட்டிக் குவித்தாள். இரண்டு வரிசை சிப்பி அடுக்கினாள். தன் மடியிலிருந்த மெழுகுதிரியை எடுத்து நட்டாள். அந்தக் கொடி ஒட்டியதைத் தொடவில்லை. “எங்க வைச்சாலும் ஆரோ ஒருத்தற்ற அம்மாதானே” என்றாள்.

கிழவிகள் சண்டையை விட்டுவிட்டு ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதிகாரி மறுபடியும் கடிகாரத்தைத் தட்டினான். கதவைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் யாரைக் கேட்பது என்று அக்கா கேட்டாளாம். காணிப் பேச்சு முடியட்டும் அம்மா என்று இரண்டு பகுதியும் சொன்னார்களாம். அந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

7

மறுநாளே இரண்டு நாட்டுக்காரரும் இணையத்தில் படம் போட்டுவிட்டார்கள். ஒரே கணம், இரண்டு பக்கத்திலிருந்து. ஒன்றில் அரிசிக்காரரின் பேனர், மற்றதில் தண்ணிக்காரரின் பேனர். நடுவில் குனிந்திருக்கும் என் அக்கா. அந்தக் கரை மக்களின் நீண்ட நாள் கனவை நிறைவேற்றினோம் என்று இரண்டிலும் எழுதியிருந்தது. ஷெரினின் கம்பெனியில் யாரோ ஒரு பெரியவர் அதைப் பகிர்ந்து, நம் வேலையின் பயன் என்று எழுதினாராம். அவள் அன்று மாலை வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

நான் ஒரு படத்தைப் பெரிதாக அச்செடுத்து வந்தேன். மேசையில் போட்டு மவுண்ட் அட்டையை எடுத்தேன். முதலில் பேனரை மறைத்தேன். பிறகு கொடி. பிறகு கோட்டுக்காரர்கள், பந்தல், வேலி, போத்தல்கள். எந்தப் பக்கம் அட்டையைத் தள்ளினாலும் எவனோ ஒருவனின் கையோ சப்பாத்துக் காலோ உள்ளே வந்துகொண்டிருந்தது. கடைசியில் உள்ளங்கையளவு ஒரு துவாரம்தான் வெட்ட முடிந்தது. அதற்குள் அக்காவின் முகம்கூட இல்லை. அவள் கை விரல் நுனி, கொஞ்சம் சிப்பி, மணல்.

கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன். காக்ஸ் டவுன் தாத்தாக்களுக்கும் லிங்கராஜபுரத்து அம்மாக்களுக்கும் நடுவில்.

காலையில் டீ கொண்டுவந்த முனிராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தீவு யார் கையில் என்று கேட்க அன்றைக்கு மறந்துவிட்டான்.

“இன்னா சார் இது, அவ்ளோ பெரிய பிரேம் போட்டு, நடுவுல வெறும் மண்ணு?”

“எங்க அம்மா” என்றேன்.